சுண்ணப்பொடியில் ஓர் எட்டு

வைத்தீஸ்வரன் அழவில்லை. பவானிபூர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் அது ஒரு குறையாகவே இருந்தது. பெண்டாட்டியைக் காளிகாட் மயானத்தில் எரித்துவிட்டு வந்தவன் ஈர வேஷ்டியோடு கூடத்தில் உட்கார்ந்தான். யாரோ நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தான். "இன்னும் வேணுமா?" என்றதற்கு "போதும்" என்றான். காரியங்களெல்லாம் முடிந்ததும், வேலை பார்த்துக்கொண்டிருந்த கிடர்பூர் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு வழக்கம்போல் குடையை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவனுக்கு வயது பத்தொன்பது. செத்துப்போன ராஜலக்ஷ்மிக்குப் பதினாலு. கும்பகோணத்திலிருந்து தை மாதம் கல்கத்தாவுக்கு வந்தாள். சித்திரையில் வாந்திபேதி கொண்டுபோய்விட்டது. காலையில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் மறுநாள் விடியும்போது இல்லை.

"கல்லுன்னா கல்லு, உங்க தம்பி," என்று ஜகதாம்பாள் தன் கணவனிடம் சொன்னாள். வைத்தியின் மன்னி அவள். வந்த பெண்ணைத் தங்கை மாதிரி தலை பின்னி, பூ வைத்து, வங்காளிப் பாஷையில் நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்து வைத்துக்கொண்டவள். அழுது அழுது அவளுக்குக் குரலே மாறிப்போயிருந்தது.

"ஆம்பளை பின்னே தலையிலே அடிச்சுண்டு அழணுங்கறயா?" என்றான் மஹாதேவன். சர்க்கார் கணக்கு ஆபீசில் அவன் சூப்பரின்டென்டென்ட். தம்பியின் திடச்சித்தம் அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

திடச்சித்தம் ஒன்றுமில்லை. வெகு நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால்கூட வேறு யார் காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி வைத்தி முழுசாக மரத்துப்போயிருந்தான். அவளுக்காகத் துக்கப்பட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எதை நினைத்துத் துக்கப்படுவது? பகலில் அண்ணா எதிரில் பெண்டாட்டியோடு பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. இரவில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அவளிடம் அவன் பேசியது பெரும்பாலும் "இந்தா, விளக்கைத் தணி" என்பதுதான். முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றால் மூக்குத்தி மட்டும் வந்தது.

புரட்டாசியில், துர்க்கா பூஜைக்காகத் தெருவெல்லாம் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கப்பலில் பெட்டி பெட்டியாகப் பலகையும் இரும்புச் சாமான்களும் இறங்கின. சரக்கு சௌரங்கிப் பக்கம் ஓர் ஆர்மீனியருக்கு. ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி மாட்டு வண்டிகளோடு வைத்தியை அனுப்பினார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் முன்பு குதிரை ஏலம் விட்ட பெரிய தகரக் கொட்டகை. கிரிகரி என்ற அந்த ஆர்மீனியர் அதைச் சக்கரச் சறுக்கல் மண்டபமாக மாற்றிக்கொண்டிருந்தார். ரிங்க் என்றார்கள். லண்டனில் இப்போது பைத்தியமாக இருப்பது இதுதானாம். பாதித் தரைக்கு ஏற்கெனவே மரப்பலகை பாவி எண்ணெய் போட்டாயிற்று. அதன்மேல் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்திய, இளைஞன் காலில் சக்கரங்களைக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். தள்ளுவதும் தெரியவில்லை, உந்துவதும் தெரியவில்லை. தண்ணீரில் விட்ட காகிதம் போல் போனான்.

வைத்தி கையெழுத்து வாங்க மறந்து நின்றான்.

"பார்த்தால் போதுமா? கட்டிப் பாருங்களேன்!" என்று அந்த இளைஞன் இங்கிலீஷில் கூப்பிட்டான். பெயர் டெஸ்மண்ட். சாந்த்ராகாச்சி யார்டில் இருந்த ரயில்வே கார்டு ஒருவரின் மகன். பம்பாயில் ஒரு வருஷம் இந்த வித்தையைப் பழகிவிட்டு வந்து, இங்கே சொல்லிக்கொடுக்கவும் பந்தயத்தில் ஆடவும் ஒப்புக்கொண்டிருந்தான்.

வைத்தி கட்டிக்கொண்டான். எழுந்தான். விழுந்தான். மறுபடி எழுந்தான். பஞ்சகச்சம் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது. எத்தனை தரம் விழுந்தானோ, எண்ணிக்கை இல்லை.

"மிஸ்டர், முழங்காலில் ரத்தம்!" என்றார் கிரிகரி.

வைத்தி குனிந்து பார்த்தான். வேஷ்டி சிவந்திருந்தது. "ஆமாம்," என்று சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினான்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைக் கெடுப்பது பயம் என்று டெஸ்மண்ட் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறான். விழுந்துவிடுவோம் என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கும், சுருங்கினால் விழும். இந்த மதராஸிக்கு அந்தச் சுருக்கமே இல்லை. விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்று இருக்கிறவனிடம் சக்கரம் சீக்கிரம் வசப்பட்டுவிடுகிறது.

ரிங்க் திறந்தது. துரைமார்களும் மேம்சாகிப்களும் மாலையில் பாண்டு வாத்தியத்துக்கு ஏற்பச் சுற்றினார்கள். காலையில் இந்தியக் கனவான்களுக்கு அனுமதி. கனவான்கள் அவ்வளவாக வரவில்லை. வைத்தி தினமும் வந்தான். சுங்கத்தில் சிக்கிக்கொள்ளும் கிரிகரியின் பெட்டிகளை அவன்தான் மீட்டுக்கொடுத்தான், அதனால் அவனிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. டெஸ்மண்டின் பழைய நிஜார் ஒன்றை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான். குடுமியைத் தலைப்பாகைக்குள் முடிந்துகொண்டான்.

வேகமாகப் போவதில் அவனுக்கு நாட்டமில்லை. கோலம் போடுவதுதான் பிடித்தது. தரையில் மெல்லியதாகச் சுண்ணப்பொடி தூவுவார்கள். வலது காலில் ஒரு வட்டம், இடது காலில் ஒரு வட்டம். இரண்டும் சேர்ந்து ஓர் எட்டு. அதே எட்டின்மேல் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கோடு ஒன்றாகவே இருந்தால் நல்ல ஆட்டக்காரன். பிரிந்து பிரிந்து ஓடினால் ஆகாது. நடுவர்கள் மண்டி போட்டுப் பொடியில் பதிந்த தடத்தைப் பார்ப்பார்கள். முதுகு வளையக் கூடாது, கை அலையக் கூடாது, முகத்தில் சிரமம் தெரியக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கற்றுக்கொள்ளத்தான் மற்றவர்களுக்கு வருஷக்கணக்காகும். வைத்திக்கு அது வந்தபோதே இருந்தது.

வட்டத்தில் போகும்போது தலைக்குள் எதுவும் இருக்காது. வீட்டிலும் எதுவும் இருப்பதில்லைதான். ஆனால் வீட்டில் அது ஒரு குற்றம். இங்கே அதற்குப் பெயர் நிதானம்.

தை மாதம் முதல் பந்தயம். கிரிகரி அவன் பெயரையும் சேர்த்தபோது இரண்டு பேர் ஆட்சேபம் சொன்னார்கள். "என் தரை, என் கோப்பை," என்று கிரிகரி முடித்துவிட்டார். வைத்தி மூன்றாவதாக வந்தான். மறு மாதப் பந்தயத்தில் டெஸ்மண்டையும் தாண்டி முதலாவதாக வந்தான். வெள்ளிக் கோப்பையைக் கொடுத்த மேம்சாகிப் ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், வைத்தி கோப்பையை வாங்கிக்கொண்டு தலை வணங்கினான். மறுநாள் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை "கல்முகத்து மதராஸி" என்று இரண்டு வரி போட்டது.

அந்த இரண்டு வரியை மஹாதேவனுக்குக் காட்டியது அவனுடைய மேலதிகாரி. "உன் தம்பியாமே!" என்று கை குலுக்கினாராம். மஹாதேவன் வீட்டுக்குப் பறந்து வந்தான்.

"துரையே கை குலுக்கினார், ஜகது! நம்மாத்துப் பையன்!"

"பொண்டாட்டி போய் வருஷம் திரும்பலை," என்றாள் ஜகதாம்பாள். "தோல் வாரைக் காலிலே கட்டிண்டு, துரைமார் எதிரே பம்பரமாச் சுத்திட்டு வந்திருக்கார். சக்கரச் செருப்புக்கு ஒரு கோப்பை. அதைப் பூஜை உள்ளேயே வெச்சுடுங்கோளேன்."

மஹாதேவன் கோப்பையை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி அலமாரியில் வைத்தான். வைத்தி கைகால் அலம்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். ரசத்தில் உப்பில்லை என்பதைக் கடைசியில் சாப்பிட்ட மஹாதேவன்தான் கண்டுபிடித்தான்.

பங்குனி பிறந்ததும் இரண்டு சங்கதிகள் ஒன்றாக வந்தன. மாயவரத்திலிருந்து ஒரு பெண்ணின் ஜாதகம் வந்தது. ராஜலக்ஷ்மியின் வருஷாப்திகம் முடிந்ததும் வைகாசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாமா என்று மஹாதேவன் கேட்டான். வைத்தி "சரி" என்றான். மறுநாள் கிரிகரி, ரங்கூனிலும் ஒரு ரிங்க் திறக்கப்போவதாகவும் டெஸ்மண்டையும் அவனையும் வைகாசியில் அங்கே அழைத்துப்போக விரும்புவதாகவும் சொன்னார். அதற்கும் வைத்தி "சரி" என்றான்.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அவன் வாயிலிருந்தே கேட்ட மன்னி, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"வைகாசியிலே கல்யாணத்துக்கும் சரி, கப்பலுக்கும் சரியா? எப்படிடா முடியும்?"

"முடியாதுதான்."

"பின்னே ஏன் ரெண்டுக்கும் தலையை ஆட்டினே?"

"கேட்டா. சொன்னேன்."

ஜகதாம்பாள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பேச வாயெடுத்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அவ உன்னை மாதிரியே நடந்து காட்டுவா, தெரியுமோ?"

"யாரு?"

"யாருன்னா கேக்கறே? ராஜிதான். நீ ஆபீசுக்குப் போனப்புறம், குடையைக் கக்கத்திலே இடுக்கிண்டு, கழுத்தைத் திருப்பாம, சமையலுள்ளிலேர்ந்து கிணத்தடி வரைக்கும் நடப்பா. நான் சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் பிடிச்சுண்டு உக்காந்துடுவேன். ஒரு நாள் அப்படி நடந்துண்டே நின்னுட்டா. 'அக்கா, அவருக்கு என் பேர் தெரியுமோ?'ன்னு கேட்டா. 'ஏண்டீ'ன்னேன். 'ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லையே, மறந்திருப்பாரோன்னு நெனச்சேன்'னா. சொல்லிட்டு அதுக்கும் சிரிச்சா."

வைத்தி எழுந்து போய்க் கை அலம்பினான். சாப்பிட்டு முடித்துக் கை அலம்பியாயிற்று என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது.

அந்த மாதக் கடைசியில் பெரிய பந்தயம். பம்பாய், ரங்கூன், கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டதால் தகரக் கூரையின்மேல் ஈரக் கோணி போட்டிருந்தார்கள். கட்டாயக் கோலங்கள் முற்பகலில் நடந்தன. வைத்தியின் எட்டைச் சுற்றி நடுவர்கள் மண்டியிட்டு, ஒரே கோடுதான் என்று தலையாட்டினார்கள். ரங்கூன் ஆட்டக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைத்தான்.

"கோப்பை உன்னுடையதுதான்," என்றான் டெஸ்மண்ட். அவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பந்தய நாளில் எப்போதும் நடுங்கும். "உனக்கு எப்படித்தான் ஒன்றுமே ஆவதில்லையோ!"

மத்தியானம் வாத்தியத்தோடு ஆடும் சொந்த ஆட்டம். பெஞ்சுகளில் இடமில்லை. பின்வரிசையில் அண்ணா தன் ஆபீஸ்காரர்களோடு உட்கார்ந்திருப்பதை வைத்தி பார்த்தான். அறிவிப்பாளர் தகரக் குழாயை வாயில் வைத்து அவன் பெயரைக் கூப்பிட்டார். வைத்தீஸ்வரன் என்பது அவர் வாயில் நுழையவில்லை. "மிஸ்டர் வைட்டி... வைட்டிஸ்..." என்று இரண்டு தரம் தடுமாறினார். மூன்றாம் தரம் கையால் சுட்டிக்காட்டிவிட்டார். ஜனங்கள் சிரித்தார்கள்.

வைத்தி நடுவில் போய் நின்றான். வாத்தியம் தொடங்கியது. முதல் சுற்று சரியாக வந்தது. பின்பக்கமாகத் திரும்பி இடது காலில் நீண்ட வளைவு எடுத்தான். அதுவும் வந்தது. வலது காலுக்கு மாற வேண்டிய இடத்தில், காரணமில்லாமல், குடையை இடுக்கிக்கொண்டு ஒரு சிறுபெண் கிணற்றடி வரைக்கும் விறைப்பாக நடப்பதைப் பார்த்தான். முகம் தெரிந்தது. மூக்குத்தி மட்டும் இல்லை, முகம் முழுவதும். மேல்பல் ஒன்று கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அது அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

உடம்பு சுருங்கியது. கால் மாறவில்லை. பக்கவாட்டில் விழுந்து, பலகையில் தோள் இடித்து, சுண்ணப்பொடியில் வெகு தூரம் இழுபட்டுப் போனான்.

வாத்தியக்காரர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். வைத்தி எழுந்தான். இத்தனை மாதங்களில் எத்தனையோ தரம் விழுந்திருக்கிறான். வலித்தது இதுதான் முதல் தரம். விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்தான். நன்றாக ஆடவில்லை. கைகள் அலைந்தன. இரண்டு திருப்பங்களில் தட்டுத் தடுமாறினான். முடிவு சொன்னபோது ஆறாவதாக இருந்தான். டெஸ்மண்ட் இரண்டாவது.

உடை மாற்றும் தடுப்புக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வாரை அவிழ்க்கப் பார்த்தான். தோள் வலியில் கை எழும்பவில்லை. டெஸ்மண்ட் மண்டியிட்டு அவிழ்த்துவிட்டான்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"என் மனைவி இறந்துவிட்டாள்."

டெஸ்மண்டின் கை நின்றது. "ஐயோ கடவுளே. எப்போது? இன்றைக்கா?"

"போன சித்திரையில். வருஷம் ஆகப்போகிறது."

டெஸ்மண்ட் நிமிர்ந்து பார்த்தான். வைத்தியின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. இத்தனை மாதம் தினமும் கூட இருந்தும் இவனுக்குக் கல்யாணம் ஆனதே தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் டெஸ்மண்டுக்குப் பட்டது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "அவள் பெயர் என்ன?" என்றான்.

வைத்தி சொன்னான். டெஸ்மண்ட் அதைத் திருப்பிச் சொல்லப் பார்த்து, வராமல் விட்டுவிட்டு, மற்றக் காலின் வாரை அவிழ்க்கத் தொடங்கினான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மஹாதேவன் வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். ஆபீஸ்காரர்கள் எதிரில் தலைகுனிவு. வாசலில் இறங்கியதும், "போறது, போ. இனிமே இந்தக் கூத்து போதும். வைகாசியிலே கல்யாணம், ஒழுங்கா குடித்தனம் பண்ணு," என்றான்.

"கல்யாணம் வேண்டாம், அண்ணா."

"என்னது?"

"இப்போ வேண்டாம்."

தம்பி வாயிலிருந்து "வேண்டாம்" என்று கேட்டு மஹாதேவனுக்குப் பழக்கமில்லை. கத்தினான். மாயவரத்துக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றான். விழுந்ததில் மூளை கலங்கிவிட்டதா என்றான். அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்கள் மாடியிலிருந்து எட்டிப்பார்க்க, ஜகதாம்பாள் வந்து வாசல் கதவைச் சாத்தினாள்.

"தோளைக் காட்டுடா," என்றாள் வைத்தியிடம். நல்லெண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானே தேய்த்துக்கொள்ளச் சொன்னாள். அவன் தேய்த்துக்கொண்டான். வலித்த இடத்தில் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

"மன்னி, அவ வேறே என்ன சொல்வா?"

ஜகதாம்பாள் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு, ராஜிக்குப் புளிப்பு ஆகாது என்பதையும், இந்த ஊர் மீன் வாசனைக்குப் பயந்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே எதிர்வீட்டு வங்காளி மாமியோடு மணிக்கணக்காகப் பேசுவாள் என்பதையும், தன் அம்மா ஞாபகம் வந்தால் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள்தான் அழுதாள். வைத்தி கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தரம், "பாத்திரம் உருட்டற சத்தம் எனக்குக் கேட்டிருக்கு," என்றான். அவ்வளவுதான் அவனால் சேர்க்க முடிந்தது.

சித்திரையில் வருஷாப்திகம் செய்தான். வாத்தியார் சொன்ன மந்திரத்தைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டான். எழுந்திருக்கச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

மாயவரத்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முகூர்த்தம் ஆயிற்று. மஹாதேவன் தம்பியோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஜகதாம்பாள் மூலமாகச் சொல்லியனுப்பினான். கிரிகரி, ஆறாவதாக வந்தவனை ரங்கூனுக்கு அழைத்துப்போவதா என்று யோசித்தார். டெஸ்மண்ட், அவன் வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்றான். கிளம்புகிற அன்று மன்னி கட்டுசாதமும் மாவடு ஜாடியும் கொடுத்தாள். "கடல் தாண்டிப் போறே. சாப்பாட்டிலே ஜாக்கிரதை," என்றாள். அண்ணா உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வைத்தி அந்த அறை வாசலில் நமஸ்காரம் பண்ணிவிட்டுப் புறப்பட்டான்.

கப்பலில் டெஸ்மண்டுக்கு வாந்தி. வைத்திக்கு ஒன்றுமில்லை. மேல்தட்டில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ரங்கூன் ரிங்க் புதிது. மழை தொடங்கி வெளி விளையாட்டுகள் நின்றுவிட்டதால் கூட்டம் முண்டியடித்தது. முதல் நாள் மாலை, முறை வருமுன் வைத்தி பெஞ்சில் உட்கார்ந்து சக்கரங்களைக் கட்டினான். எழுந்திருக்க முடியவில்லை. உள்ளங்கை ஈரமாயிருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தான். மறுபடியும் வாங்கிக் குடித்தான்.

"என்ன?" என்றான் டெஸ்மண்ட்.

"விழுந்துவிடுவேனோ என்று இருக்கிறது."

"எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றான் டெஸ்மண்ட். தன் நடுங்குகிற கையை நீட்டிக் காட்டினான். "கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திரு."

வைத்தி தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.